கிரைண்டர் என்றொரு சொல்

திருநெல்வேலிச் சீமையில் சவம் என்றால் பிணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பாத மோட்டார் சைக்கிள் சவம். மூடி திறக்காத ஊறுகாய் பாட்டில் சவம். பரீட்சையில் கோட்டை விட்ட மகன், பெற்றவள் வாயில் சவத்து மூதி. 'சவம் கெடக்கட்டும், வாங்க சாப்பிடுவோம்' என்று மாமியார் புதுமாப்பிள்ளையிடம் சொன்னால்கூட யாரும் பதறி எழுந்திருக்க மாட்டார்கள். இலை போட்டாயிற்று என்றுதான் அர்த்தம்.

இது எஸ்றாவுக்குத் தெரியாததல்ல. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே 'அந்தச் சவத்துச் செருப்பு எங்கலே?' என்று கேட்கிற தகப்பனாருக்கு மகன். தெரியாமல் செய்தவன் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவன் தெரிந்து செய்தான். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஸ்றா ஒரு தினசரியின் நெல்லைப் பதிப்பில் நிருபர். பதினாறு வருஷ சர்வீஸ். பத்தமடைக்கு அந்தப் பக்கம், தாமிரபரணியை ஒட்டி இருக்கிற ஆலடிக்குறிச்சி ஊராட்சியைப் பற்றி அவன் முதலில் எழுதிய கட்டுரையை யாரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் இரண்டாவதை எழுத வேண்டி வந்திருக்காது என்று ரொம்ப நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சொல்வதில்லை.

அந்த ஊராட்சியின் தலைவி வேணி. நாற்பத்தைந்து வயது, பீடிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள், ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஒரு மார்கழி அதிகாலையில் ஆறு பொங்கி ஊருக்குள் வந்தபோது, ஓடைக்கரைத் தெருவின் நாற்பத்திரண்டு வீட்டு ஆட்களையும் டிராக்டரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்து மாடியில் கொண்டு சேர்த்தவள் அவள்தான். தண்ணீரில் ஒரு உயிர் போகவில்லை. அடுத்த மழைக்கும் இதே கூத்து வேண்டாமே என்று, பனங்காட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டு நிலத்தை அந்த நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் வாங்கித்தர இரண்டு வருஷம் தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடையாய் நடந்தாள். உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தபோது பட்டா கிட்டத்தட்ட கைக்கு வந்திருந்தது.

எஸ்றா இதையெல்லாம் தேதி போட்டு, கோப்பு எண் போட்டு, ஒழுங்காக எழுதினான். ஏழாம் பக்கத்தில் பட்டுப்புடவை விளம்பரத்துக்குக் கீழே இரண்டு பத்தியில் வந்தது. ஒரு போன் வரவில்லை. வேணியின் சொந்தக்காரர்களே பார்க்கவில்லை.

"வேலை செஞ்சா, செஞ்சா, செஞ்சான்னு எழுதியிருக்கீரு. எவன்வே வாசிப்பான்?" என்றார் சிவசண்முகம். அவர் செய்தி ஆசிரியர். கல்லிடைக்குறிச்சிக்காரர், ஓய்வு பெற ஒன்றரை வருஷம் பாக்கி. வண்ணார்பேட்டை ஆபீஸில் அவர் மேஜைக்கு மேலே ஓடுகிற மின்விசிறிக்குக்கூட அவரிடம் பயம். "ஒரு ஆளக் காட்டும். அழுத ஆளா இருக்கணும். பேரு, வயசு, வீடு, கண்ணீரு. அத வச்சு ஊரச் சொல்லும். நாள் ஒண்ணுக்கு ஒரு ஆளு, தேர்தல் முடியந்தட்டும் போடுவோம்."

'வாக்குச்சீட்டுக்குப் பின்னால்' என்று தொடருக்குப் பெயரும் வைத்துவிட்டார். அப்படித்தான் எஸ்றா ஓடைக்கரைத் தெருவில் பார்வதியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

பார்வதியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவள். அறுபதைத் தாண்டியும் கை ஓயாத பெண்பிள்ளை. அன்றைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"காலையில அஞ்சு அஞ்சரை இருக்கும் தம்பி. வாசல்ல தண்ணி. திரும்பிப் பாக்கதுக்குள்ள முழங்காலுக்கு வந்துட்டு. வேணி டிராக்டரக் கொண்டாந்து நிப்பாட்டிட்டா. எங்க வீட்டுக்காரரு, அவியளத்தான் மொதல்ல கட்டிலோட தூக்குனாவ. பக்கவாதம் வந்து ஆறு வருசமாக் கெடையாக் கெடந்த ஒடம்புலா. நான் பழைய கிரைண்டரக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். சோறு போட்டது அதுதான? எப்படி விட? 'அந்தச் சவத்த விட்டுட்டு வாங்க சித்தி, புதுசு வாங்கிக்கிடலாம்'னு கையப் புடிச்சு இழுத்தா. விட்டுட்டு வந்தேன். சொன்ன மாதிரி புதுசும் வாங்கித் தந்துட்டா, இந்தா ஓடுது பாருங்க. ஆனா அவிய இல்ல. மூணாம் நாள் பள்ளிக்கூடத்துல வச்சுப் போயிட்டாவ. காப்பி கொண்டான்னாவ. ஒரு வாய் குடிச்சாவ. அவ்வளவுதான்."

அப்போது அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாவை வழிக்கப் போய்விட்டாள். எஸ்றா அவளுடைய கணவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டான்: மாடக்கண்ணு, வயது எழுபது.

அன்று சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து கட்டுரையை அடித்தான். முதல் பிரதியில் எல்லாம் இருந்தது. கட்டில் இருந்தது, கிரைண்டர் இருந்தது, புதுக் கிரைண்டரும் இருந்தது. வாசித்துப் பார்த்தான். சப்பென்று இருந்தது. ஏழாம் பக்கம், பட்டுப்புடவைக்குக் கீழே என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு வரியை எடுத்தான். அது கிரைண்டரைப் பற்றிய வரி. அது போனதும் மேலே இருந்த வரியும் கீழே இருந்த வரியும் தாமாகவே நெருங்கி உட்கார்ந்துகொண்டன. 'பார்வதியம்மாள் தன் கணவர் மாடக்கண்ணுவை இழந்தது அந்த வெள்ளத்தில்தான். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்து, "அந்தச் சவத்தை விட்டுவிட்டு வாருங்கள்" என்றார் ஊராட்சித் தலைவி. பார்வதியம்மாள் விட்டுவிட்டு வந்தாள்.'

இதில் எது பொய்? எதுவும் பொய் இல்லை. எஸ்றா தன் நெஞ்சைத் தொட்டுக்கூட அப்படிச் சொல்லியிருப்பான். ஆனாலும் அனுப்புவதற்கு முன்னால் அந்த மூன்று வரியை நாலு தரம் வாசித்தான். நல்ல கட்டுரை எழுதினால் அப்படி வாசிக்கத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டான்.

சிவசண்முகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். அந்த இடத்தில் நின்றார்.

"எதவே சவம்னு சொன்னா?"

"அந்தம்மா அப்படித்தான் சொல்லிச்சு அண்ணாச்சி."

"அந்தம்மா சொன்னது சரி. எதன்னு கேட்டேன்."

எஸ்றா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிவசண்முகம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். அவரும் ஆற்றங்கரைக்காரர்தானே, அவருக்கு மட்டும் தெரியாமல் போகுமா? வெளிக்காட்டாமல் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"போட்டும். நம்ம ஊர்க்காரனுக்குத்தான் தெரியும்லா. சரியாப் புரிஞ்சுக்கிடுவான்" என்று சொல்லி, 'சவத்தை விட்டுவிட்டு வாருங்கள்' என்கிற மூன்று வார்த்தையையே தலைப்பாகவும் எடுத்துப் போட்டார்.

நம்ம ஊர்க்காரனுக்குத் தெரியும். இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் எஸ்றா அன்றைக்கு வீட்டுக்குப் போனான். இன்னொரு சமாதானமும் கைவசம் இருந்தது. வேணி எப்படியும் ஜெயித்துவிடுவாள். ஒரு கட்டுரை அவளை என்ன செய்துவிடப் போகிறது?

மறுநாள் காலையில் அவன் மனைவி ஸ்வீட்லின், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய சேலையோடு நின்றபடியே பேப்பரை வாசித்தாள். அவள் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிற டீச்சர்.

"கிரைண்டர எங்க?" என்றாள்.

"இடம் பத்தலன்னு ஆபீஸ்ல வெட்டிட்டாவ."

"நேத்து சாயங்காலம் போன்ல நீங்க சொன்ன கத இது இல்லையே. அது ஒரு நல்ல பொம்பளையோட கத. இது யாரோ ஒரு ராட்சசி கதையால்லா இருக்கு."

ஆபீஸில் வெட்டிவிட்டார்கள் என்று அவன் சொன்னது, கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய். அவள் நம்பினாளா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. பேப்பரை மடித்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்குள் போன் சூடாகிவிட்டது. பட்டுப்புடவை விளம்பரம் கொடுக்கிற ஜவுளிக்கடை முதலாளியே கூப்பிட்டு, இரண்டு தரம் வாசித்ததாகச் சொன்னார். மதியத்துக்குள் கட்டுரை வாட்ஸப்பில் படமாகிவிட்டது. அதற்குக் கீழே சோக இசை போட்டு ஒருவன் வாசித்தும் விட்டான். சாயங்காலம் சென்னையில் ஒரு டிவியில் நான்கு பேர் கோட்டு போட்டுக்கொண்டு அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர்கூடத் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர் இல்லை. சவம் என்பது அவர்கள் வாயில் பிணம் என்று ஆனது. எதிர்த்து நின்றவருடைய பிரச்சார ஆட்டோவில் 'பிணத்தை விட்டு வா என்றவளுக்கா உங்கள் ஓட்டு?' என்று பாட்டாகவும் ஆனது.

சென்னைக்காரனை விட்டுவிடலாம். எஸ்றாவைக் குத்தியது இன்னொன்று. தேர்தலுக்கு நாலு நாள் முன்னால் பத்தமடை பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் பேப்பரைத் தட்டித் தட்டிப் பேசினார். "சவத்துப் பய புள்ள, கெட்டுன புருசன் பிரேதத்த விட்டுட்டு வான்னு சொல்லியிருக்கா பாத்தீரா? நெஞ்சா அது? சவத்தத் தள்ளும், இவளுக்குப் போயி போன வாட்டி ஓட்டுப் போட்டேன் பாரும்."

ஒரு மூச்சில் இரண்டு தரம் சவம் என்ற மனுஷன். அவர் வீட்டில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு இருபது தரமாவது புழங்கும். ஆனால் அதே வார்த்தையை அச்சில் பார்த்ததும் ஊர்ப்பேச்சு அவருக்கே மறந்துவிட்டது. பேப்பரில் போட்டிருக்கிறார்கள் என்றால் அது பேப்பர்த் தமிழ்தான், அதற்குப் பேப்பர் அர்த்தம்தான். எஸ்றாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. 'அண்ணாச்சி, அது கிரைண்டர்' என்று சொல்ல இரண்டு வினாடி போதும். டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

வேணி பூட்டு சாவிச் சின்னத்தில் நின்று நூற்றுப் பதினெட்டு ஓட்டில் தோற்றாள். ஓடைக்கரைத் தெருவில் மட்டும் எண்பது ஓட்டு மாறி விழுந்திருந்தது. சிவசண்முகத்துக்கு மேலிடத்தில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எஸ்றாவுக்கும் ஒரு நகல் கொடுத்தார். அவன் அதை எங்கே வைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாசம். புரட்டாசி முடியப் போகிற ஒரு திங்கட்கிழமை, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நாள். செய்தி எடுக்கப் போன எஸ்றா வரிசையில் வேணியைப் பார்த்தான். முன்பெல்லாம் தலைவி என்று நேராக உள்ளே போகிறவள், இப்போது கையில் மனுவோடு நாற்பது பேருக்குப் பின்னால் வெயிலில் நின்றாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"எஸ்றா சார், செத்த நில்லுங்க."

திட்டப் போகிறாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் திட்டவில்லை.

"மேட்டு நெலத்துக்கு உத்தரவு வந்துட்டு சார். நாப்பத்திரண்டு வீட்டுல முப்பது வீடாவது வாறோம்னு சம்மதக் கடுதாசி குடுக்கணும். வெள்ளிக்கெழமை கடைசி. தவறுனா நெலம் வேற வேலைக்குப் போயிரும். இதுவரைக்கும் பதினோரு கையெழுத்துதான் விழுந்திருக்கு. புதுத் தலைவரு பக்கத்துல நெருங்க மாட்டேங்காரு, வேணி கொண்டாந்த திட்டம்லா? நான் போனா கதவச் சாத்துதாவ."

"ஏன் சாத்துதாவ?" கேட்ட பிறகுதான் எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று அவனுக்குப் புரிந்தது.

வேணி மனுவை விசிறியாக்கி வீசிக்கொண்டாள். "பார்வதிச் சித்தி போட மாட்டேங்கா. அவ போட்டா அந்தத் தெருவே போடும். நான் வாங்கிக் குடுத்த கிரைண்டரக்கூட ஆள் வச்சுத் தூக்கியாந்து எங்க வாசல்ல போட்டுட்டா. மழை வந்தா மொதத் தண்ணி அவ வீட்டுக்குள்ளதான் சார் ஏறும். போன வாட்டி நான் தலைவி, டிராக்டர எடுத்துட்டுப் போனேன். இந்த வாட்டி யாரு எடுத்துட்டுப் போவா?"

எஸ்றா கையில் இருந்த குறிப்பேட்டை மூடினான்.

"நீங்க எழுதுனதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. நான் சொன்னேன், நீங்க எழுதுனிய. ஒரே ஒரு வாட்டி சித்திகிட்ட வந்து சொல்லுங்க, அது கிரைண்டர்னு. நீங்க சொன்னா கேப்பா. உங்களத்தான் அவ சாமி மாதிரி நெனைக்கா."

வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்து போனாள். அந்த மனுவை வாங்கித் தன் முகத்தில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எஸ்றாவுக்கு. 'நான் சொன்னேன், நீங்க எழுதுனிய' என்று அவள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். குற்றத்தில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு போகிறாள். அப்படி எடுத்துக்கொள்ள அவளுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை.

ஆபீஸுக்குப் போனதும் சிவசண்முகத்திடம் திருத்தம் போடச் சொன்னான்.

"எதவே திருத்த? நாம போட்டதுல எந்த வாக்கியம் தப்பு, காட்டும் பாப்போம்."

எஸ்றா கட்டுரையை எடுத்து மேஜைமேல் வைத்தான். காட்ட முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியமாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தான். எங்கேயும் நிற்கவில்லை. எழுதாத வரியை எப்படிக் காட்டுவது?

"அண்ணாச்சி, உங்களுக்கும் தெரியும்லா?"

சிவசண்முகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத முகம் ரொம்ப வயசானதாகத் தெரிந்தது. "தெரியும். நம்ம ஊர்க்காரனுக்குப் புரியும்னு நெனைச்சேன். நெசமாவே நெனைச்சேன்வே" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒண்ணு செய்யும். அந்தம்மாவே சொல்லட்டும், அது கிரைண்டர்தான்னு. படத்தோட கொண்டாரும். மொதல் பக்கத்துல போடுதேன். நீரும் நானும் சொன்னா விளக்கம். அவ சொன்னாத்தான் செய்தி" என்றார்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை காலையில் வேணியிடம் இருந்து சம்மதக் கடிதத்தின் ஒரு படிவத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எஸ்றா ஓடைக்கரைத் தெருவுக்குப் போனான். ஓடையில் அப்போது தண்ணீர் கணுக்காலுக்குத்தான் ஓடியது. மெதுவாக நடந்து போனான்.

பார்வதியம்மாள் அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பேப்பர்க்காரத் தம்பி வந்திருக்காவ. நம்ம கதைய உலகத்துக்கே சொன்னது இவியதான்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னாள்.

எஸ்றா நேராகவே ஆரம்பித்தான். "அம்மா, அன்னைக்கு வேணி சவத்த விட்டுட்டு வாங்கன்னு சொன்னது கிரைண்டரத்தான?"

"கிரைண்டரா?" அவள் முகம் சுருங்கியது. "கிரைண்டர யாரு தம்பி நெனைச்சா அந்த நேரத்துல? அவிய இங்கன கெடக்காவ." சுவரோரமாக ஒரு இடத்தைக் கையால் காட்டினாள். "முழங்காலுக்குத் தண்ணி. போட்டது போட்டபடி விட்டுட்டு வான்னு இழுத்துட்டுப் போயிட்டா. பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்ட ஒரு துணிக் கிழிசல் கெடைச்சுதா எனக்கு? அதக்கூடச் செய்யல நான்."

இறந்தவருடைய கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது ஊர் வழக்கம். ஆனால் பார்வதியம்மாள் அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுரைக்குக் கடைசி வரி ஒன்று வேண்டுமென்று ஆபீஸில் உட்கார்ந்து எழுதியது அவன். பொய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அதைக் கேள்வியாக வேறு எழுதியிருந்தான். 'பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு துணிக் கிழிசல்கூடக் கிடைத்திருக்குமா?'

"அம்மா, அவிய பள்ளிக்கூடத்துல வச்சுத்தான் போனாவ. மூணாம் நாள். காப்பி கேட்டாவ, ஒரு வாய் குடிச்சாவன்னு நீங்கதான் சொன்னிய."

ஒரு கணம் அவள் கண் தடுமாறியது. எதையோ தேடுகிற மாதிரி வாசலைப் பார்த்தாள். எஸ்றா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். இதோ வந்துவிடும், அந்தக் காப்பி டம்ளர் அவள் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தான்.

"உசுரு இங்கனயே போயிட்டு தம்பி. அங்கன மூணு நாள் கெடந்தது சும்மா மூச்சுதான். அப்பம் எனக்குத் தெரியல. பெறவு நாலு டிவிக்காரன் வந்து கேட்டான், கேக்கக் கேக்கத்தான் எனக்கே வெளங்கிச்சு."

"இல்லம்மா. அந்தப் பெருவிரல் சங்கதிய நான்தான் எழுதுனேன். நானா எழுதுனேன். நீங்க அதச் சொல்லவே இல்ல."

பார்வதியம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். சின்னப் பிள்ளை தப்பாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறது என்று நினைக்கிற பார்வை அது.

"நான் சொல்லாம உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

எஸ்றா பதினாறு வருஷமாக எத்தனையோ பேர் வீட்டு வாசலில் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனாகக் கற்பித்து எழுதுவான் என்கிற சந்தேகம் ஒருத்தருக்காவது வந்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. சட்டைப்பையில் இருந்து படிவத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"சரிம்மா. வேணிய விடுங்க. எனக்காக ஒரு கையெழுத்து. மேட்டுல வீடு. மழை வருது, இந்த வீட்டுல நீங்க இருக்கக் கூடாது."

அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான்காக மடித்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். அவள் கை மாவு அரைத்துக் காய்த்துப் போயிருந்தது.

"கோவிச்சுக்கிடாதிய தம்பி. வேணி மேல எனக்கு ஒண்ணும் இப்பம் கோவங்கூட இல்ல. அவ ஆயிரம் சொல்லுவா. புருசன் கெடக்கான்னு தெரிஞ்சும் விட்டுட்டுப் போனது நான்லா? நீங்க எழுதப் போயித்தான் நான் செஞ்சது என்னன்னே எனக்குத் தெரிஞ்சுது. அன்னைல இருந்து ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல. வாற வெள்ளம் வரட்டும். அவியள ஒரு வாட்டி இங்கன விட்டுட்டுப் போனேன். இனிமே போவ மாட்டேன்."